ஒன்பதாம் தட்டின் ஏழு பழங்கள்

தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறிக் கிடந்த இருநூறு பழங்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. செங்கோடன் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினான். செர்ரித் தக்காளிகள் கோலிக்குண்டுகளைப் போல விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடின. பதினொரு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தான். ஆனாலும் கையை வெளியே எடுத்ததும் முதல் வேலையாகச் சட்டையில் துடைத்தான். பிறகு மோந்து பார்த்தான். வாடை எதுவும் இல்லை. வாடை இல்லை என்று தெரிந்தும் இன்னொரு முறை மோந்து பார்த்தான்.

அந்தப் பழக்கம் பதினேழாம் ரகத்தோடு வந்தது. பதினேழு அவன் பொறுக்கியெடுத்த முதல் ரகம். வாயில் போட்டால் கரையும், அப்படி ஒரு இனிப்பு. இனிக்கிற தக்காளிக்குத் தோல் மெலிசாகத்தான் இருக்கும். மெலிசான தோல் மழைக்குத் தாங்காது. வேர் குடிக்கும், பழம் உப்பும், தோல் காம்புக்கு அடியிலிருந்து கிழியும். மழைக்கென்று சில மாதங்கள் இருந்தவரை அதைச் சமாளிக்க முடிந்தது. மாசியிலும் சித்திரையிலும் மூன்று நாள் விடாமல் கொட்டத் தொடங்கிய பிறகு முடியவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரே மழையில் நாற்பது விவசாயிகளின் பதினேழு வெடித்தது. வியாபாரிகள் தொடவில்லை. இராயக்கோட்டைச் சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் செங்கோடன் போய்ப் பார்த்தபோது சாலையின் குறுக்கே சிவப்பு நீர் ஓடிக்கொண்டிருந்தது. புளித்த கள்ளின் வாடை. குவியல்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, அதன்மேல் கொசுவைவிடச் சின்ன ஈக்கள். அங்கே நின்றிருந்த ஒரு விவசாயி திட்டவில்லை, அழவும் இல்லை. செங்கோடனின் கையைப் பிடித்து அந்தக் குவியலுக்குள் முழங்கைவரை அழுத்தினார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோ நெளிந்தது. அவ்வளவுதான். கையை விட்டுவிட்டு அவர் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நாற்பத்தொன்றாம் ரகத்தை அவன் ஆரம்பித்தது அந்தக் கையோடுதான். கள்ளிச்செடியின் மேல்தோலை இறுக்கமாக வைத்திருக்கும் ஒரு சின்ன மரபணுக் கட்டளையை எடுத்துத் தக்காளிக்குள் வைத்தார்கள். விளக்கு அறைகளில் வருடத்துக்கு ஐந்து தலைமுறை வளர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் தண்ணீரில் ஊறவைத்து, வெடிக்காததை மட்டும் விதைக்கு எடுத்தார்கள். கடைசி மூன்று தலைமுறையில் வெடித்தது என்று ஒன்றுமே இல்லை.

அவன் வேலை செய்தது தனியார் விதை நிறுவனத்தில். நிர்வாகி உத்ராவுக்கு முப்பத்தெட்டு வயது. நல்ல மூளை, நல்ல பேச்சு, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. பள்ளிக்கூடங்களில் பகல் சாப்பாட்டோடு பிள்ளைகளுக்கு நாளுக்குப் பத்துச் செர்ரித் தக்காளி கொடுக்கும் திட்டம் ஒன்று வரவிருந்தது. நான்கு மாவட்டங்களுக்கும் நாற்பத்தொன்றைத் தருவதாக அவள் பேசி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை செங்கோடன் வெளியீட்டுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இட்டுவிட்டால் ஆடிப் பட்டத்துக்கு நாற்று போய்விடும்.

இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் சான்று வாங்குவதற்கு மையால் எழுதிய பதிவேடுதான் வேண்டும். அதில் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வரி. ஒளிக்கீற்றால் பழத்தின் தோலில் மிளகளவுக்கு எண் சுட்டிருப்பார்கள்; அதே எண் பதிவேட்டிலும் இருக்கும். எண்ணுக்கு எதிரே ‘இனிப்பு’, ‘வெடிப்பு’, ‘சுவை’ என்று கட்டங்கள். வெடிக்காத ரகம் என்று பையில் அச்சடிக்க வேண்டுமானால் வெடிப்புக் கட்டம் மேலிருந்து கீழ்வரை சுழியமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு ‘1’ விழுந்தாலும் அடுத்த மழைக்காலம்வரை சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். சோதனைப் பழம் ஒன்று காணாமல் போனால் விதைத் திருட்டு. வேலையும் போகும், காவல் நிலையத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

அந்தப் பதிவேட்டை எழுதுகிறவள் மாதம்மாள். பறிப்புப் பெண்களுக்குத் தலைவி. முப்பத்து மூன்று வயது, பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். பறிப்புப் பெண்களிடம் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. வெடித்த பழம் அவர்களுடைய பங்கு. சாயங்காலம் தூக்குவாளியில் போட்டு எடுத்துப் போவார்கள். குழம்பில் போடுவார்கள், பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். நாற்பத்தொன்று வந்தபின் வாளி வெறுமையாகத் திரும்பியது. ஒருநாள் மாதம்மாள் அவனிடம், “உங்க தக்காளிக்கு எங்க மேல என்னா சார் கோவம்?” என்று கேட்டாள். செங்கோடன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அந்த வாரம் திங்கள் முதல் மூன்று நாள் அவள் வரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். சேமிப்பு அறையை அவனே எண்ணினான். குளிர்ப்பெட்டி இல்லாமல் சாதாரண அறை வெப்பத்தில் பழம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கிற அறை அது. ஒன்பதாம் தட்டு எல்லாவற்றிலும் பழையது. தொண்ணூறு நாள் ஆகியும் நூறு குழிகளில் நூறு பழங்களும் நேற்றுப் பறித்ததுபோல் மினுங்க வேண்டும். தொண்ணூற்று மூன்றுதான் இருந்தன. 811, 812, 829, 840, 863, 864, 890. ஏழு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உத்ராவிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை வரை பார்க்கலாம் என்று நினைத்தான். நாளுக்குப் பத்து முறை அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்ததில் எண்கள் மனப்பாடம் ஆகிவிட்டன.

வியாழக்கிழமை காலை மாதம்மாள் வந்தாள். பத்து மணிக்கு அவன் சேமிப்பு அறைக்குப் போனபோது ஒன்பதாம் தட்டில் நூறு இருந்தது. குனிந்து எண்களைப் பார்த்தான். ஏழும் அதனதன் குழியில் இருந்தன. அப்பாடா என்று இருந்தது. அதோடு வெளியே போயிருக்கலாம். போகத்தான் திரும்பினான். மாதம்மாள் கதவருகே பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“எங்க இருந்துச்சு?” என்றான்.

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“புள்ள வவுத்துல.”

அறையில் மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். போன சனிக்கிழமை மழைக்கு அங்கன்வாடி திறக்கவில்லை. நான்கு வயது மோனிஷாவை விட்டுவிட்டு வர ஆளில்லாமல் கூடவே அழைத்து வந்து இந்த அறையில் உட்கார வைத்திருக்கிறாள். பிள்ளை சிவப்பாக இருந்ததை எடுத்துக் கடித்துப் பார்த்திருக்கிறது. கடிபடவில்லை. மிட்டாய் என்று நினைத்து ஒவ்வொன்றாக விழுங்கியிருக்கிறது. சாயங்காலமே வயிறு கல்லாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பச்சையாக வாந்தி. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஏழு கோலிக்குண்டை விழுங்கும்வரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இவளைத் திட்டினார். ஒருநாள் பொறுத்துப் பார்ப்போம், இறங்காவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றார். எனிமா கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை இறங்கியது.

“வெளிக்கிப் போனதுல முழுசா வந்துச்சு சார். ஏழும். ஆயாம்மா கழுவிப் பாத்துட்டு, என்னாடி கோலில நம்பரு போட்டிருக்குதுன்னு கேட்டுச்சு.”

செங்கோடன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு கீறல் இல்ல. ஊட்டுக்குக் கொண்டாந்து சோப்பு போட்டுக் கழுவுனன், மூணு தடவ. இன்னிக்குப் பறிச்ச மாதிரி இருந்துச்சு.”

“அத ஏன் கொண்டாந்து திருப்பி வெச்ச?”

“கொறஞ்சா திருட்டுன்னு சொல்லுவீங்க. அப்புடி எழுதுன காயிதத்துல எங்கிட்ட கையெழுத்து வாங்குனதே நீங்கதான சார்?”

அது உண்மை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். கஞ்சி குடிக்கிறாள், சிவப்பாக எதைப் பார்த்தாலும் அழுகிறாள் என்றாள். போகப் போனவள் நின்றாள்.

“சார், நீங்க இதத் தின்னு பாத்திருக்கீங்களா?”

“டார்ச்சுல பத்தரை காட்டுது,” என்றான். தோலுக்கு மேலேயே வெளிச்சம் பாய்ச்சி இனிப்பை அளக்கும் கருவியை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“டார்ச்சக் கேக்கல சார்.”

அவள் போன பிறகு செங்கோடன் வெகுநேரம் அங்கேயே நின்றான். தின்றதில்லை. அது எப்படி நடந்தது என்று பின்னோக்கி யோசித்தபோது, நடந்த விதம் அவ்வளவு எளிமையாக இருந்ததுதான் அவனைக் கூசச் செய்தது. முழுப்பழம் எண்ணிக்கைக்கு உரியது. அதைத் தொடக் கூடாது. ஆகவே சுவை பார்ப்பது எப்போதும் வெடித்த பழத்தில்தான். பெண்களின் வாளியிலிருந்து இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொல்வான். கடைசி மூன்று தலைமுறையில் நாற்பத்தொன்று வெடிக்கவே இல்லை. வெடிக்காததால் வாளிக்குப் போகவில்லை. வாளிக்குப் போகாததால் யார் வாய்க்கும் போகவில்லை. விதையைக்கூட இயந்திரம்தான் பழத்தை நசுக்கி அமிலத்தில் போட்டுப் பிரித்தது. கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று, டார்ச்சு காட்டிய பத்தரையையே சுவைக் கட்டத்திலும் எழுத வைத்தான். மூன்று தலைமுறையாக, பன்னிரண்டாயிரம் வரிகளில். இந்தப் பழத்தை முதன்முதலில் உண்ட மனிதப்பிறவி அந்தப் பிள்ளைதான்.

சோதனைக் கொட்டகைக்குப் போய்ச் செடியிலிருந்து ஒன்றைப் பறித்தான். வாயில் போட்டுக் கடித்தான். பல்லுக்கடியிலிருந்து நழுவிக் கன்னத்துக்குள் ஒதுங்கியது. கடைவாயில் பிடித்து அழுத்தினான். அமுங்கியது, விட்டதும் மறுபடி உப்பியது. உயிருள்ள ஏதோ ஒன்று வாய்க்குள் தப்பித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கோரைப்பல்லுக்கு அடியில் பிடித்து, இரண்டு கையாலும் தாடையை நெருக்கியபோது ஒருவழியாகத் துளை விழுந்து, உள்ளிருந்த சாறு கொப்புளம் உடைந்ததுபோல் தொண்டைக்குள் பீய்ச்சியடித்தது. இனிப்புதான். வயிற்றைப் புரட்டுகிற இனிப்பு. தோல் மட்டும் வாயில் மிஞ்சியது. மென்றான், மென்றான், அது குறையவில்லை. தீக்காயத்திலிருந்து உரித்த தோலை மெல்கிறோம் என்று எண்ணம் ஓடியது. ஓடியிருக்கக் கூடாது. செடிகளுக்கு நடுவே குனிந்து காலையில் தின்ற இட்லியோடு அதைக் கக்கினான். இட்லி இட்லியாக இல்லை. தோல் தோலாகவே கிடந்தது.

முகம் கழுவிக்கொண்டு ஒன்பதாம் தட்டை அப்புறப்படுத்தலாம் என்று சேமிப்பு அறைக்கு வந்தான். தட்டு அங்கே இல்லை. உத்ரா வந்து எடுத்துப் போயிருந்தாள்.

அவளுடைய அறைக்குப் போனான். தட்டை மேசைமேல் வைத்து, கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் பழங்களை அழகாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அந்தத் தட்டு வேண்டாம், அது பழையது என்றான். பழையதால்தான் அதையே எடுத்தேன், தொண்ணூறு நாள் பழம் என்று கடைசியில் சொல்லும்போது அதிகாரிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் சிரித்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் மாதம்மாளின் வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டான். அது நல்ல காரணம். அதற்கு அடியில் இன்னொரு காரணம் இருந்தது: பதினொரு வருடம். இரண்டில் எது கனமானது என்று அவனுக்குத் தெரியும். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திட்ட அதிகாரி, அவருடைய உதவியாளர்கள் இருவர், சத்துணவு நிபுணர் என்று ஒரு அம்மாள். உத்ரா நன்றாகப் பேசினாள். மழை, இழப்பு, இராயக்கோட்டைச் சாலையின் குவியல் எல்லாவற்றையும் செங்கோடனே கண் கலங்கும்படி சொன்னாள். பிறகு கிண்ணத்தை நகர்த்தினாள். ஆளுக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டார்கள்.

செங்கோடன் தாடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரியின் தாடை ஒருமுறை இறங்கியது, நின்றது. பழம் வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்குப் போவது வெளியே தெரிந்தது. உதவியாளர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். அவர் உத்ராவைப் பார்த்தார். துப்புவதற்கு இடமில்லை, இருந்தாலும் முதலில் துப்புகிறவராக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. அதிகாரி தலையை லேசாக மேலே தூக்கி, மாத்திரை போடுகிறவரைப்போல விழுங்கினார்.

“தேன்,” என்றார். கண்ணில் நீர் நின்றது.

உதவியாளர்களும் விழுங்கிவிட்டு, ஆமாம் சார், நல்ல இனிப்பு என்றார்கள். தோல் உடையவே இல்லை; எந்த இனிப்பைச் சொல்கிறார்கள் என்று செங்கோடனுக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் மட்டும் விழுங்கவில்லை. கூட்டம் முடியும்வரை ஒரு கன்னம் புடைத்தபடியே உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையசைத்தாள். இது தொண்ணூறு நாள் பழம் என்று உத்ரா சொன்னதும் கைதட்டினார்கள். பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார் அதிகாரி.

“இத உருவாக்குனவர் இன்னும் சாப்பிடலையே,” என்று உத்ரா கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வாங்கினான். விரல்களுக்கு நடுவே திருப்பினான். 863.

சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. சோப்பு வாசனை அடிப்பதுபோல் இருந்தது. அது பிரமையாகவும் இருக்கலாம். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில் விழுங்கிய மூவரின் வயிற்றையும் நினைத்துப் பார்த்தான். தன்னுடையதையும் நினைத்தான். பதினொரு வருடத்துக்கும் சேர்த்து வாயைத் திறந்து, 863-ஐ உள்ளே போட்டு, கண்ணை மூடி விழுங்கினான். நெஞ்சுக்குழிக்குள் அது இறங்குகிற ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தது.

“நல்லா இருக்கு,” என்றான்.

சனிக்கிழமை முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படுத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்திருந்தான். ஒரு பிள்ளையின் குடல் வழியாக வந்தது, தன் குடலுக்குள் நிதானமாக உருண்டு போய்க்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வெளியே வந்தது. எப்படித் தேடி எடுத்தான் என்பதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவினான். மூன்றாம் முறை கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், மாதம்மாளும் மூன்று முறை என்றாள் என்பது நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. எண்கூட மங்கவில்லை. கண்ணைப் பறிக்கிற அழகு.

திங்கட்கிழமை உத்ராவின் மேசைமேல் ஒரு காகிதத்தை விரித்து அதன்மேல் பழத்தை வைத்தான். விழுங்கியதையும் வந்ததையும் சொன்னான். மாதம்மாளைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் மூச்சு விடவில்லை. உத்ரா நாற்காலியோடு பின்னால் போனாள். மூக்குக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள். இந்த முகத்தைப் பார்க்கத்தான் வந்தோம் என்று செங்கோடனுக்கு ஆறுதலாக இருந்தது. அது நீடிக்கவில்லை. கை மெதுவாக இறங்கியது. அவள் முன்னால் குனிந்தாள்.

“கீறல் எதுவும் இல்லையா?”

“இல்ல மேடம்.”

“வயித்து அமிலத்துக்கும் தாங்குது.” கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப உடம்புல எதுவுமே சேராது. எடை குறைக்கணும்னு இருக்கிறவங்க இதுக்கு எவ்வளவு வேணும்னாலும் குடுப்பாங்களே, செங்கோடன் சார்.”

பள்ளிக்கூடத்தில் நான்கு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கடிக்க முடியாமல் விழுங்கும், நாளுக்குப் பத்து விழுங்கினால் குடல் அடைக்கும் என்று அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“‘மென்று உண்ணவும்’னு பையில போட்டுடலாம்,” என்றாள். “படிவத்துல நீங்களே கையெழுத்துப் போட்டா எனக்குச் சந்தோஷம். உங்களுக்கு மனசு வரலைன்னா பெங்களூர் ஆபீஸ்ல ஒருத்தர் போடுவார். பதிவேடு சுத்தமா இருக்கு, அது போதும்.”

அவள் கோபப்படவே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. காகிதத்தோடு பழத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். சட்டைப்பைக்குள் போட மனம் வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு சேமிப்பு அறைவரை நடந்தான். நடக்கிற தூரமெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம் கூடவே வந்தது.

மாதம்மாள் மேசையருகே உட்கார்ந்து பதிவேட்டைக் கோடு போட்டு முடித்துக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்கு உத்ராவின் ஆள் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். செங்கோடன் கதவைச் சாத்தினான். காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தான். அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

“எண்ணூத்தி அறுபத்து மூணு விருந்துக்குப் போயிடுச்சுன்னு எழுதியிருக்கனே சார்.”

“திரும்பி வந்துடுச்சு.”

மாதம்மாள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பார்வை மெதுவாக இறங்கி அவன் வயிற்றில் நின்றது. பிறகு மறுபடியும் முகத்துக்கு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா, குமட்டுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

செங்கோடன் இடுப்புப் பையிலிருந்து ஒட்டுக்கட்டும் கத்தியை எடுத்தான். பழத்தைக் கட்டைவிரலால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காம்பு இருந்த குழியில் கத்தி முனையை வைத்து ஊன்றினான். வழுக்கியது. மறுபடியும் ஊன்றினான். மூன்றாவது முறை சத்தமே இல்லாமல் தோல் விட்டுக்கொடுத்தது. பதினொரு வருடத்தில் வெடிக்காத நாற்பத்தொன்று ஒன்றை அவன் பிளந்து பார்ப்பது அதுவே முதல் தடவை.

உள்ளே சதை இல்லை. சாறும் இல்லை. விதைகள் எல்லாம் முளைத்திருந்தன. வெளியே போக வழியில்லாமல் வெள்ளை வெள்ளையாக ஒன்றையொன்று சுற்றி, தோலின் உட்பக்கத்தை முட்டி முட்டி வளைந்து, புழுப்பந்துபோல் நெருங்கிக் கிடந்தன. தொண்ணூறு நாள் அறைச் சூடு, பிறகு இரண்டு உடம்பின் சூடு. பிளவு கிடைத்ததும் அந்தப் பந்து இறுக்கம் தளர்ந்து மெல்ல விரிந்தது. நெளிகிற மாதிரியே இருந்தது. வாடை பிறகுதான் வந்தது. இராயக்கோட்டைச் சாலை வாடை. செங்கோடன் கையை மோந்து பார்க்கவில்லை.

“வெடிச்சுதுன்னு எழுது,” என்றான்.

மாதம்மாள் பேனாவை எடுக்கவில்லை. “எழுதுனா அடுத்த மழை வரைக்கும் திரும்ப மொதல்லருந்து சார்.”

“தெரியும். இந்தத் தடவ தின்னு பாத்துட்டு எழுதுவோம். மொதல்ல நான் தின்னுறேன்.”

பொய்தான். அந்தப் பதிவேட்டில் தான் எழுதச் சொல்லும் முதல் பொய் என்று நினைத்தான். பிறகு சுவைக் கட்டத்தில் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்த பத்தரைகளைப் பார்த்தான். முதல் பொய் இல்லை.

மாதம்மாள் பக்கங்களைப் புரட்டி 863-க்கு வந்தாள். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, மேசைமேல் பிளந்து கிடந்ததை இன்னொரு முறை பார்த்தாள். வெடித்த பழம் அவர்களுடையது. வழக்கம் அப்படி.

“இந்தப் பங்கு எங்களுக்கு வேணாம் சார்,” என்றாள்.

பிறகு சுழியத்தைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் அச்சுக் கையெழுத்தில் ‘1’ என்று எழுதினாள்.